வீட்டைப் பார்க்கும் முன் தடத்தைப் பாருங்க: வாழப்பாடி பக்கம் வீடு வாங்கிய அனுபவம்

பத்திரம் ஒருவழியாக முடிந்துவிட்டது. ஆனாலும் முதலில் பார்த்த வீட்டுக்காக எங்களை அலையவிட்டதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. சேலம் மாவட்டத்தில் அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி பக்கம் ஊருக்கு வெளியே கொஞ்சம் இடத்தோடு ஒரு காட்டுக்கொட்டாய் வீடு கிடைக்குமா என்று தேடுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பட்டா, சிட்டா, வில்லங்கம் எல்லாம் இணையத்திலேயே பார்த்துவிடலாம், எங்களுக்கும் அதில் ஒரு சிக்கலும் வரவில்லை.

முதல் வீடு நிஜமாகவே நல்ல வீடு. எதிரே சேர்வராயன் மலை, பின்னால் பாக்குத் தோப்பு, தார்சு போட்டு அதிக வருஷம் ஆகாத கட்டிடம். அம்மாவுக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. தரகர் அன்றைக்கே, "இன்னொரு பார்ட்டி பணத்தோட நிக்குறாங்க சார், நாளைக்கே டோக்கன் போட்டுருங்க" என்று நெருக்க ஆரம்பித்தார். வழிக்கு மட்டும் ஆதாரம் கொடுங்கள், பணம் தருகிறேன் என்றேன். அவர் பத்திரத்தை விரித்து 'மாமூல் வண்டித்தட பாத்தியம் உள்பட', அதாவது வழக்கமாக வண்டி போகிற தடத்தில் உரிமையும் சேர்த்து, என்கிற வரியைக் காட்டினார். இதற்கு மேல் என்ன சார் வேண்டும் என்று கேட்டார்.

மெயின் ரோட்டிலிருந்து வீடு வரைக்கும் மண் தடம், கார் தாராளமாகப் போகிறது. ஆனால் நிலத்தின் எல்லையும் அளவும் காட்டுகிற சர்வே வரைபடமான புலப்படத்தை எடுத்துப் பார்த்தால் அந்தத் தடமே அதில் இல்லை. அரசாங்க வண்டிப்பாதை என்றால் அதற்குத் தனி சர்வே நம்பரோ உட்பிரிவோ இருக்கும், ஒவ்வொரு சர்வே நம்பரும் என்ன வகை நிலம் என்று சொல்கிற கிராமக் கணக்கான அ-பதிவேட்டில் புறம்போக்கு, வண்டிப்பாதை என்று எழுதியிருக்கும். இங்கே அந்த இடம் மொத்தமும் பக்கத்துக் காட்டுக்காரர் பட்டாவுக்குள் வருகிறது. விற்கிறவர் தன் பத்திரத்தில் ஆயிரம் எழுதிக்கொள்ளலாம், அடுத்தவர் நிலத்தில் வழி கொடுக்க அவருக்கு என்ன உரிமை இருக்கிறது?

இதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம் என்று கிராம நிர்வாக அலுவலரைத் தேடிப் போனேன். அந்த அலைச்சலை எழுதினால் பக்கம் போதாது. இரண்டு கிராமத்துக்கு ஒரே ஆள், போகும்போதெல்லாம் கதவு பூட்டிக் கிடக்கும், போன் பண்ணினால் தாலுகா ஆபீஸில் மீட்டிங் என்பார். சேலத்திலிருந்து அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து நிற்கிறவனிடம் "வர்ற வாரம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவார். கடைசியில் ஆளைப் பிடித்தபோதும், "தடமெல்லாம் நீங்க பேசித் தீர்த்துக்கோங்க, என்கிட்ட எதுக்கு வர்றீங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

எங்களைக் காப்பாற்றியது அவருடைய உதவியாளரான தலையாரிதான். வெளியே நின்றுகொண்டிருந்த மனுஷன், என் முகத்தைப் பார்த்துவிட்டு வாங்க போலாம் என்று என் வண்டியிலேயே ஏறிக்கொண்டார். தடத்து ஓரமாக நடந்து போய் ஒரு இடத்தில் நின்று, காலால் கோரைப்புல்லை விலக்கிக் காட்டினார். பாதி மண்ணுக்குள் புதைந்த சர்வே கல். தடத்தோட முழு அகலமும் கல்லுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. அதற்குள் காட்டுக்காரப் பாட்டி வந்துவிட்டார். சத்தமெல்லாம் போடவில்லை, நிதானமாகத்தான் சொன்னார்: "கண்ணு, இது எங்க தடம். அவிய நடக்கறதுக்கு விட்டோம், அவ்ளோதான். நாளைக்கு எம் பேரன் வேலி போட்டான்னா நீ வந்து எங்களத் திட்டக்கூடாது பாரு."

வக்கீலிடம் கேட்டேன். 1882-ஆம் வருஷத்து வசதியுரிமைச் சட்டப்படி, 20 வருஷம் தடையில்லாமல், உரிமையோடு ஒரு வழியைப் பயன்படுத்தியிருந்தால் கோர்ட்டில் கேட்கலாமாம். ஆனால் அவர்கள் தயவில் நடந்தது என்று வந்துவிட்டால் அது நிற்காது. "கேஸ் நடத்தறதுக்கா வீடு வாங்கறீங்க?" என்றார், அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டோம். தரகரிடம் சொன்னபோது, பாட்டி சும்மா மிரட்டுது சார் என்கிறார். அவருக்குக் கமிஷன் போச்சே என்கிற கவலை.

அடுத்த வீடு பஞ்சாயத்து ரோட்டு மேலேயே இருந்தது, வழிப் பிரச்சினை இல்லை. கோடையில் போய்ப் பார்த்தபோது அமைதியான ஊர், தண்ணீரும் பரவாயில்லை. அங்கே டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்தான், "கிழங்கு அரவை ஆரம்பிச்ச பொறவு ஒருக்கா ராத்திரி வந்து பாருங்க தம்பி" என்று சொன்னார். சேலம் மாவட்டத்தில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து ஜவ்வரிசி எடுக்கிற சேகோ ஆலை இல்லாத பக்கம் குறைவு, கோடையில் கிழங்கு வரத்து இல்லாமல் பல ஆலைகள் ஓடாது, அப்போது போய் பார்க்கிறவனுக்கு ஒன்றுமே தெரியாது. அவர் பேச்சைக் கேட்டு, மரவள்ளி வெட்டு சூடுபிடித்த நேரத்தில், மழை பெய்து விட்ட ஒரு ராத்திரி அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். காற்று இந்தப் பக்கம் திரும்பியதுதான் தாமதம், நாள்கணக்கில் மூடி வைத்த புளித்த மாவுப் பானையைத் திறந்த மாதிரி ஒரு நாற்றம். ரோட்டோரக் களத்தில் காயப் போட்ட திப்பி, அதாவது மாவு எடுத்தபின் மிஞ்சுகிற கிழங்குச் சக்கை, மழையில் நனைந்து ஊறிக் கிடந்தது, ஈ மொய்க்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, எங்க கிணத்துத் தண்ணியில சோறாக்கினா நிறம் மாறிடுதுங்க என்று குடத்தைச் சாய்த்துக் காட்டினார். அம்மா திரும்பி வருகிற வழியெல்லாம் முந்தானையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. அதனால் சொல்கிறேன், ஒரு ஊரைக் கோடையில் ஒரு தடவை, அரவைக் காலத்தில் ஒரு தடவை, அதிலும் ராத்திரியில் போய்ப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பக்கத்தில் கல் குவாரி இருந்தால் பகலில் வெடி வைக்கிற நேரத்திலும் போய் நில்லுங்கள், சுவரில் விரிசல் இருக்கிறதா என்று அக்கம்பக்கத்து வீடுகளிலும் பாருங்கள்.

மச்சான், அதற்கு ஏற்காட்டிலேயே வாங்கிவிடலாமே என்றார். அங்கே மலையிடப் பாதுகாப்பு விதிகள் வேறு இருக்கின்றன, ஒரு அறை சேர்த்துக் கட்டுவதென்றாலும் அனுமதி வாங்குவது தனி வேலை. முழங்கால் வலி உள்ள அம்மாவை ஆஸ்பத்திரிக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறக்கிக் கொண்டுவர என்னால் முடியாது.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் யார் வாயையும் நம்பவேண்டாம். இந்தப் பக்கமெல்லாம் அடியில் பாறை, தண்ணீர் பாறை வெடிப்பில்தான் ஓடும். பக்கத்துத் தோட்டத்தில் 300 அடியில் தண்ணீர் இருக்கிறது என்றால் அது பக்கத்துத் தோட்டத்துக் கதை, நம்ம இடத்தில் 1,000 அடி போனாலும் புழுதி கிளம்பலாம். ஒரு வீட்டில் போர்வெல்லில் வற்றாத தண்ணீர் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்கள். சரி, மோட்டாரைப் போடுங்க, ஒரு மணி நேரம் ஓடட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை, தண்ணீர் கலங்கி வந்து, விட்டு விட்டு வந்து, அப்புறம் வெறும் காற்று புஸ்ஸென்று வந்தது. வீட்டுக்காரர் கரண்டு வோல்டேஜ் கம்மி என்கிறார். நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். குடிதண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை விடுகிறார்கள் என்பதைப் பஞ்சாயத்துக் குழாயடியில் குடம் வைத்து நிற்கிற பெண்களிடம் கேளுங்கள், விற்கிறவரிடம் கேட்காதீர்கள்.

கடைசியில் வாங்கியது சின்ன ஓட்டு வீடு. முன்னால் பஞ்சாயத்து தார் ரோடு, அ-பதிவேட்டிலும் அது பாதை என்றே இருக்கிறது. மோட்டார் மதியம் முழுக்க ஓடியும் தண்ணீர் குறையவில்லை, அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. ராத்திரி பஸ் கடைசி டிரிப் வரைக்கும் வருகிறதா என்று நிறுத்தத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுத்தேன்.

பதிவு அன்றைக்கு பெரிய தொந்தரவு இல்லை. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சம் மதிப்புக்குள் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது, எங்களுடையது அதைத் தாண்டிவிட்டது, இருந்தாலும் அம்மா பெயரில்தான் பதிந்தோம்.

இப்போது பட்டா உட்பிரிவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். சர்வேயர் அளக்க வருகிற அன்றைக்கு நாலு பக்கத்துக்காரர்களையும் வரச் சொல்லி, அவர்கள் கண்முன்னால் கல் நட்டுவிடுங்கள். நட்ட கையோடு ஒவ்வொரு கல்லையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் வேலி போடுங்கள்.