லைம் நோய்: டாக்டரைப் பார்க்கும் நாளில் மட்டும் வற்றிப்போகும் வீக்கம்

உண்ணி கடித்தால் வரும் லைம் நோய்க்குப் பெயர் வந்ததே அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் உள்ள லைம் என்ற ஊரால்தான். 1970களில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கூட்டமாக மூட்டு வீங்கியபோதுதான் இப்படி ஒரு நோய் இருப்பதே தெரிந்தது. அதே மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்கு வந்திருப்பது அதுதான் என்று கண்டுபிடிக்க இத்தனை அலைய வேண்டியிருந்ததே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கடித்த உண்ணியை நான் பார்க்கவே இல்லை. கோடையின் தொடக்கத்தில் கடிப்பது பெரும்பாலும் கசகசா அளவு இளம் உண்ணிதான். முதுகில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு படர்ந்ததும் அர்ஜென்ட் கேர் என்கிற, தேதி வாங்காமல் போகும் கிளினிக்குக்குப் போனேன். நடுவில் வளையம் இல்லை, அதனால் லைம் இல்லை என்று அங்கிருந்தவர் முடிவு கட்டிவிட்டார். வளையமே இல்லாமல் ஒரே சிவப்பாகப் படர்வதும் சகஜம். பேருக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்தார், நெகட்டிவ் வந்தது. வராமல் என்ன செய்யும்? அந்தப் பரிசோதனை பார்ப்பது கிருமியை அல்ல, அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை. அது சேரச் சில வாரங்கள் ஆகும். உண்ணி உள்ள ஊரில் இப்படித் தடிப்பு படர்ந்தால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். எனக்குக் கிடைத்தது ஒரு களிம்பு. அப்புறம் போன இடமெல்லாம் அந்த நெகட்டிவ் தாள் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது.

இலையுதிர் காலத்தில் வலது முழங்கால் வீங்கியது. அவ்வளவாக வலி இல்லை, ஆனால் மடக்க முடியவில்லை. மூட்டு டாக்டரிடம் தேதி கிடைத்துப் போவதற்குள் வீக்கம் வற்றிவிட்டது. அவர் அழுத்திப் பார்த்துவிட்டு, "நன்றாகத்தானே இருக்கிறது?" என்றார். லைம் மூட்டுவீக்கத்தின் குணமே அதுதான், வரும், போகும், திரும்ப வரும். அடுத்த முறை வீங்கியபோது தையல் டேப்பால் இரண்டு முழங்காலையும் சுற்றி அளந்தேன். டேப்பில் எண் தெரியும்படி போட்டோ எடுத்து நோயாளி போர்ட்டலில் ஏற்றினேன். அன்று மாலையே கூப்பிட்டார்கள். மறுபடி ரத்தம் எடுத்தார்கள். எதிர்ப்பொருள்களைப் பட்டை பட்டையாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட் பரிசோதனையில் 10 பட்டைகளில் 5 தெரிந்தால் பாசிட்டிவ், எனக்கு அதற்கு மேலேயே தெரிந்தது. 28 நாள் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக், வேளைக்கு 100 மி.கி., தினம் இரண்டு வேளை. அந்த நாட்களில் பாலோடு மாத்திரை வேண்டாம், வெயிலும் ஆகாது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மாத்திரை சாப்பிடும்போதே சில ராத்திரிகளில் தலையணை உறை மாற்றும் அளவுக்கு வியர்த்தது, கூடவே லேசான காய்ச்சல். "லைம்தான், போகப் போகச் சரியாகும்" என்றார்கள். லைம் நோயாளிகள் கூடிப் பேசும் கூட்டங்களுக்குப் போய் வந்த ஒரு அக்கா, இது நாலு வாரத்துக்கு ஒரு தடவை சுழன்று வரும் என்று அடித்துச் சொன்னார். சரி, பார்க்கலாம் என்று ஒரு நோட்டில் காய்ச்சல், வியர்வை, முழங்கால், நடந்த தூரம் எல்லாவற்றையும் தனித்தனிக் கட்டமாக எழுத ஆரம்பித்தேன். நாலு வாரக் கணக்கு எதிலும் அகப்படவில்லை. அகப்பட்டது வேறு. வியர்வையும் காய்ச்சலும் சேர்ந்தே வந்தன, முழங்காலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. அசதி மட்டும் வீட்டில் அதிகமாக வேலை செய்த நாளுக்கு அடுத்த நாளோ அதற்கும் மறுநாளோ வந்து ஆளைப் படுக்க வைத்தது.

தொற்றுநோய் டாக்டர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "பபீசியா பார்த்தார்களா?" அதே உண்ணி கடத்தும் வேறொரு கிருமி அது. மலேரியா மாதிரி சிவப்பணுவுக்குள் உட்கார்ந்துகொள்ளும், டாக்சிசைக்ளினுக்கு அசையாது. காய்ச்சல் உள்ள நாளில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், இருந்தது. அட்டோவாகோன் என்று மஞ்சள் பெயின்ட் போல ஒரு திரவம், கூடவே அசித்ரோமைசின். மஞ்சள் மருந்துக்கு இன்ஷூரன்ஸ் முதலில் முடியாது என்றது, லேப் ரிப்போர்ட்டை அனுப்பிய பிறகு வழிக்கு வந்தது. அதைக் கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடம்பில் சேரும். நான் நெய் தோசையோடு எடுத்தேன். வியர்வை நின்றது.

அசதி நிற்கவில்லை. சிகிச்சைக்குப் பிறகும் சிலருக்கு இது மாதக்கணக்கில் இழுக்கும். இந்த நேரம் பார்த்து ஒரு தனியார் கிளினிக், மாதக்கணக்கில் ஊசிவழி ஆன்டிபயாட்டிக் என்று ரொக்கத்துக்கு விலை சொன்னது. அமெரிக்காவில் 2001இலும் நெதர்லாந்தில் 2016இலும் வெளியான ஆய்வுகள் நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக்கால் பலனில்லை என்றே சொன்னவை. ரத்தக்குழாயில் குழாய் செருகிக்கொண்டு தொற்று வாங்கிக்கொள்வானேன் என்று வந்துவிட்டேன். குணமாகிவிட்டதா என்று பார்க்கத் திரும்பத் திரும்ப லைம் டெஸ்ட் எடுப்பதும் தண்டம், எதிர்ப்பொருள் வருடக்கணக்கில் ரத்தத்தில் கிடக்கும்.

கடைசி இழுபறி ஆபீசில். விட்டு விட்டு லீவு எடுக்க, எஃப்எம்எல்ஏ என்ற அமெரிக்க மருத்துவ விடுப்புச் சட்டத்தின் படிவத்தில் நோய் எத்தனை நாளுக்கு ஒரு முறை கூடும், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று டாக்டர் எழுத வேண்டும். அவருடைய ஆபீசில் அந்த இரண்டு வரியையும் 'சொல்ல இயலாது' என்று நிரப்பி அனுப்ப, எச்ஆர் திருப்பிவிட்டது. நோட்டின் அசதிப் பக்கங்களை நகலெடுத்து, மாதவாரியாகக் கூட்டி, முன்பக்கத்தில் கணக்கை எழுதிக் கொடுத்தேன். நர்ஸ் அதைப் பார்த்து அப்படியே எண்களை நிரப்பினார். இந்த முறை படிவம் திரும்பி வரவில்லை.