ஆய்வில் சேரும் முன் ஆசிரியர் பட்டியலில் வயதைப் பாருங்கள்

கடந்த மாதம் ஊரிலிருந்து ஒரு தங்கை அழைத்தாள். எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை வாங்கியிருக்கிறாள். அவள் வீட்டில் முதல் பட்டதாரி. இரண்டு பல்கலைக்கழகங்களில் பிஎச்.டி. இடம் கிடைத்திருக்கிறது. "அக்கா, என்.ஐ.ஆர்.எஃப். பட்டியலில் எது மேலே இருக்கிறதோ அதில் சேர்ந்துவிடலாம் அல்லவா?" என்று கேட்டாள். 2017-ல் நானும் அப்படித்தான் முடிவு செய்தேன். அதனால் என் ஆய்வில் பதினான்கு மாதங்கள் வீணாகப் போயின. அன்று இரவு அவளிடம் சொன்னதையும், சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் என் கதை. நான் சேர்ந்த பல்கலைக்கழகம் பழம்பெருமை உடையது. ஆய்வுக்கு வழிகாட்டும் நெறியாளர் நல்லவர், துறையில் பெயர் பெற்றவர். அவரிடம் இடம் கிடைத்தது என்றதும் அப்பா ஊரில் எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தார். 2020-ல் அவர் ஓய்வு பெற்றார். துறையின் இணையப் பக்கத்தில் அவர் பணியில் சேர்ந்த ஆண்டு இருந்தது. அதைப் பார்த்தேன், ஆனால் கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. அவருடைய இடத்துக்கு வேறு யாரையும் நியமிக்கவில்லை. மீதமிருந்த ஆசிரியர்களிடம் ஏற்கெனவே மாணவர்கள் நிறைந்திருந்தார்கள். கடைசியில் ஒருவர் இரக்கப்பட்டு என்னை ஏற்றுக்கொண்டார். ஆனால் அவருடைய ஆய்வுப் பிரிவு வேறு. மெல்லிய படலங்களில் தொடங்கிய என் ஆய்வு பாலிமர் பக்கம் திரும்பியது. மூன்று ஆண்டு வேலையில் ஒரே ஒரு அத்தியாயம் மட்டும் ஆய்வேட்டில் மிஞ்சியது. நெறியாளர் மாற்றத்துக்கான கோப்பு ஒவ்வொரு மேசையாக நகர்ந்துகொண்டிருந்த அந்த மாதங்களில் உதவித்தொகையும் வரவில்லை.

இவை எல்லாமே எண்களாக முன்கூட்டியே வெளியில் கிடந்தவை. படிக்கத் தெரிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

என்.ஐ.ஆர்.எஃப். என்னும் தேசிய நிறுவனத் தரவரிசை முதன்முதலில் 2016-ல் வந்தது. கற்பித்தல், ஆராய்ச்சி, மாணவர் தேர்ச்சி, பரவலான சேர்க்கை, மக்கள் மதிப்பீடு என ஐந்து தலைப்புகளில் மதிப்பெண் போட்டு, ஒரே எண்ணாகச் சுருக்கித் தருகிறார்கள். அந்த ஓர் எண்ணைத்தான் செய்தித்தாளில் பார்க்கிறோம். அதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறது. கலந்துகொள்ளும் நிறுவனங்கள் தாங்கள் சமர்ப்பித்த தரவுகளைப் பி.டி.எஃப். கோப்பாகத் தங்கள் இணையதளத்திலேயே போட வேண்டும். முகப்புப் பக்கத்தில் எங்காவது ஓரத்தில் 'என்.ஐ.ஆர்.எஃப்.' என்று ஒரு இணைப்பு இருக்கும். பெரும்பாலான மாணவர்கள் அதைத் திறப்பதே இல்லை. மாணவர் எண்ணிக்கை, பட்டம் பெற்றோர், பிஎச்.டி. முடித்தோர், செலவு, ஆய்வு நிதி, ஆசிரியர் பட்டியல் எல்லாம் அதற்குள் இருக்கின்றன.

ஒரு சிறு வழி சொல்கிறேன். ஒவ்வொரு கோப்பிலும் நிதி, பட்டம் போன்றவற்றுக்கு மூன்று ஆண்டுக் கணக்கு இருக்கும். 2024-ஆம் ஆண்டுக் கோப்பில் 2020-21 முதல் 2022-23 வரை. 2021-ஆம் ஆண்டுக் கோப்பில் 2017-18 முதல் 2019-20 வரை. இந்த இரண்டையும் இறக்கிக்கொண்டால் இடைவெளி இல்லாமல் ஆறு ஆண்டுகள் கையில் கிடைத்துவிடும். ஒரு தாளில் ஆறு கட்டம் போட்டு எழுதுங்கள். ஓர் ஆண்டு எண்ணைப் பார்த்து எதையும் சொல்லிவிட முடியாது. ஆறு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது குழந்தைக்கும் புரியும். கொரோனா காலத்து எண்கள் எல்லா இடத்திலும் சரிந்திருக்கும். அதை மட்டும் வைத்து யாரையும் குறை சொல்லாதீர்கள். சரிந்தது மறுபடி நிமிர்ந்ததா என்று பாருங்கள்.

இனி ஆசிரியர் பட்டியல். நான் முதலில் திறக்கச் சொல்வது இதைத்தான். பெயர், வயது, பதவி, தகுதி, அனுபவம், பணியில் சேர்ந்த தேதி, நிரந்தரமா ஒப்பந்தமா என்பது வரை வரிசையாக இருக்கும். தரவரிசை அமைப்பின் சொந்த இணையதளத்தில் உள்ள கோப்பில் மொத்த எண்ணிக்கைதான் கிடைக்கும். முழுப் பட்டியல் வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தின் தளத்துக்குத்தான் போக வேண்டும்.

உங்கள் துறைப் பெயர்களைத் தனியே எடுத்து, வயதைப் பாருங்கள். தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்கள் ஓய்வு பெறும் வயது 60. மத்தியப் பல்கலைக்கழகங்களில் 65. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு பிஎச்.டி. விதிமுறைப்படி, ஓய்வுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் குறைவான பணிக்காலம் உள்ளவர் புதிய மாணவரைச் சேர்க்கக் கூடாது. அப்படியென்றால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 57-ஐத் தாண்டியவரின் பெயர் பட்டியலில் இருந்தும் உங்களுக்குப் பயன் இல்லை. கோப்பு ஓரிரு ஆண்டு பழையது என்பதால் அதில் உள்ள வயதோடு அந்த ஆண்டுகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். 55 என்று போட்டிருந்தால் இன்று 57.

அதே விதிமுறை, பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்கும், இணைப் பேராசிரியர் ஆறு பேருக்கும், உதவிப் பேராசிரியர் நான்கு பேருக்கும் நெறியாளராக இருக்கலாம் என்கிறது. நிரந்தர ஆசிரியர்களுக்கு மட்டுமே இந்த உரிமை. ஒப்பந்தத்திலும் தொகுப்பூதியத்திலும் இருப்பவர்கள் எவ்வளவு திறமைசாலிகளாக இருந்தாலும் நெறியாளராக முடியாது. ஒரு துறையில் இரண்டு பேராசிரியர், இரண்டு இணைப் பேராசிரியர், நான்கு உதவிப் பேராசிரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 44 இடங்கள். இரண்டு பேராசிரியர்களும் ஓய்வு பெற்று, பதவிகள் நிரப்பப்படாமல் போனால் 28. பாடம் நடத்த ஒப்பந்த ஆசிரியரை வைத்துச் சமாளித்துவிடுவார்கள். ஆய்வு மாணவர் நடுவழியில் நிற்பார். நான் நின்றது அந்த இடத்தில்தான்.

தமிழ்நாட்டில் சில அரசுப் பல்கலைக்கழகங்கள் துணைவேந்தரே இல்லாமல், ஒருங்கிணைப்புக் குழுவை வைத்து நீண்ட காலம் நடந்திருக்கின்றன. அரசுக்கும் ஆளுநருக்கும் இடையிலான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்தச் சண்டை நமக்கு எதற்கு என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். தலைமைப் பதவி காலியாக இருக்கும் இடத்தில் நியமனங்கள் தள்ளிப்போகும் என்பதால் அது நமக்கும் உரியதே. பட்டியலில் 'பணியில் சேர்ந்த தேதி' என்ற கட்டத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை பாருங்கள். கடந்த ஏழெட்டு ஆண்டுகளில் நிரந்தரமாக ஒருவர்கூடச் சேரவில்லை என்றால், அந்தத் துறை மெல்லக் காலியாகிக்கொண்டிருக்கிறது.

பட்டியலில் பெயர் இருப்பதாலேயே ஆள் இருக்கிறார் என்றும் நம்பிவிடாதீர்கள். ஒரே ஆசிரியரின் பெயர் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டிருந்ததை 2024-ல் ஊழலை எதிர்க்கும் அமைப்பான அறப்போர் இயக்கம் ஆவணங்களோடு வெளியிட்டது நினைவிருக்கும். நேரில் போய்ப் பார்ப்பதற்கு மாற்று எதுவும் இல்லை.

அடுத்தது பிஎச்.டி. அட்டவணை. இப்போது முழுநேரமாகவும் பகுதிநேரமாகவும் எத்தனை பேர் ஆய்வு செய்கிறார்கள், மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள் என்று இருக்கும். முதல் எண்ணை ஆண்டுச் சராசரிப் பட்டத்தால் வகுத்துப் பாருங்கள். 600 பேர் இருந்து ஆண்டுக்கு 120 பேர் முடித்தால் ஐந்து வருகிறது. நல்ல அறிகுறி. அதே 600 பேரில் ஆண்டுக்கு 50 பேர்தான் முடிக்கிறார்கள் என்றால் பன்னிரண்டு. இது துல்லியக் கணக்கு இல்லை. அண்மையில் நிறையப் பேரைச் சேர்த்திருந்தாலும் எண் பெரிதாகத்தான் தெரியும். ஆனாலும் அந்தப் பன்னிரண்டைப் பார்த்தால் காரணம் கேட்காமல் சேராதீர்கள். ஜே.ஆர்.எஃப். இரண்டு ஆண்டு, அதன் பின் எஸ்.ஆர்.எஃப். என்னும் முதுநிலை உதவித்தொகை மூன்று ஆண்டு, ஆக ஐந்தோடு பணம் நின்றுவிடும். 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும் தருகிறார்கள். வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஆறாவது ஆண்டு எப்படிப்பட்டது என்பதை விடுதியில் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இந்த அட்டவணை பல்கலைக்கழகம் முழுவதற்குமானது. துறை வாரியாகத் தெரிய வேண்டுமென்றால் 'சோத்கங்கா' தளத்துக்குப் போங்கள். நாடு முழுவதுமுள்ள ஆய்வேடுகள் அங்கே பல்கலைக்கழகம், துறை, நெறியாளர் வாரியாகக் கிடைக்கின்றன. நீங்கள் சேர நினைக்கும் நெறியாளரின் பெயரைப் போட்டு, அவரிடம் கடைசியாக முடித்தவர் எந்த ஆண்டு முடித்தார் என்று பாருங்கள். அந்த ஆய்வேட்டின் நன்றியுரையையும் படியுங்கள். எந்தக் கருவிக்கு எந்த ஊருக்கு அலைந்தார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். சொந்தத் துறையில் இருக்க வேண்டிய வசதிக்கு மாணவர் வேறு மாநிலத்துக்கு நன்றி சொல்லியிருந்தால், உங்கள் பயணமும் அப்படித்தான் இருக்கும்.

கருவி என்றதும் நிதிக்கு வருகிறேன். எத்தனை ஆய்வுத் திட்டங்கள், எத்தனை நிதி நிறுவனங்கள், எவ்வளவு தொகை என்று மூன்று வரிகள் இருக்கும். தொகையைவிடத் திட்டங்களின் எண்ணிக்கையை நான் முக்கியமாகப் பார்ப்பேன். ஒரு பெரிய திட்டம் ஓர் ஆண்டுத் தொகையைத் தூக்கிக் காட்டிவிடும். அது முடிந்ததும் அடுத்த ஆண்டு பாதாளம். பத்து ஆசிரியர்கள் ஆளுக்கொரு சிறு திட்டம் வைத்திருக்கும் துறையில்தான் அன்றாட வேதிப்பொருளுக்குப் பணம் இருக்கும். இந்தியா ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடுதான். மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குப் போட்டி கடுமையானது. ஆய்வுத் திட்டங்களுக்கு நிதி தந்த, எஸ்.இ.ஆர்.பி. என்று நாங்கள் அறிந்த மத்திய அரசு அமைப்பு இப்போது 2023 சட்டத்தின்படி அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்குள் போய்விட்டது. எனவே பழைய கோப்புகளில் அந்தப் பெயரையும் புதியவற்றில் இந்தப் பெயரையும் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

செலவுப் பட்டியலில் 'ஆய்வகக் கருவிகள், மென்பொருள்' என்றொரு வரியும், 'பராமரிப்பு, நுகர்பொருள்' என்றொரு வரியும் உண்டு. வாங்குவதற்குப் பணம் கிடைத்துவிடும், பராமரிக்கக் கிடைக்காது. எங்கள் துறையில், எக்ஸ் கதிரைக் கொண்டு படிக அமைப்பை அறியும் எக்ஸ்.ஆர்.டி. கருவி ஒன்று இருந்தது. மத்திய அரசின் ஃபிஸ்ட் திட்ட நிதியில் வாங்கியது. சுவரில் பளபளவென்று பெயர்ப்பலகை. கருவியின் பக்கத்தில் ஒரு நீல அட்டை லாக் புக், நூலில் கட்டிய பேனா. யார், எந்தத் தேதி, எத்தனை மாதிரிகள் என்று எழுத வேண்டும். சேர்ந்த முதல் வாரம் அதைத் திறந்தேன். கடைசிக் கையெழுத்து ஒன்றரை ஆண்டுக்கு முந்தையது. ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்குப் பணம் ஒதுக்கவில்லை, எக்ஸ் கதிர்க் குழாய் பழுதாகிவிட்டது என்றார் ஆய்வக உதவியாளர். என் மாதிரிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு இரவு பஸ்ஸில் வேறு ஊருக்குப் போய்வந்தேன்.

மாணவர் சேர்க்கை எண்களை நான் அதிகம் நம்புவதில்லை. லட்சம் மாணவர்கள் என்று பேசப்படும் இணைப்புப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலோர் இணைப்புக் கல்லூரிகளில் இருப்பார்கள். வளாகத்துக் கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும். முதுநிலை ஆய்வுப் பட்டமான எம்.ஃபில். 2022 விதிமுறையோடு நின்றுபோனது. அதனால் பல துறைகளில் எண்ணிக்கை குறைந்து தெரியும். அது துறையின் வீழ்ச்சி அல்ல. எம்.எஸ்சி.யில் அனுமதிக்கப்பட்ட இடம் எத்தனை, படிப்போர் எத்தனை என்ற வேறுபாட்டை மட்டும் கவனியுங்கள். ஆண்டுதோறும் பாதி இடம் காலியாகக் கிடக்கும் பாடப்பிரிவில் புதிய ஆசிரியர் பதவி கேட்டு வாங்குவது கடினம். வேலைவாய்ப்புக் கட்டத்தில் உள்ள இடைநிலைச் சம்பளம் வேலை கிடைத்தவர்களுடையது மட்டுமே. வேறு எதையும் அது சொல்லாது.

இவ்வளவு ஏன் பார்க்க வேண்டும் என்றால், கூட்டம் பெருகியிருக்கிறது. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2014-15-ல் பிஎச்.டி. படித்தவர்கள் 1.17 லட்சம். 2021-22-ல் 2.12 லட்சம். இதில் பெண்கள் 48 ஆயிரத்திலிருந்து 99 ஆயிரமாக, இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்திருக்கிறார்கள். இந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் ஆசிரியர்களின் எண்ணிக்கை அந்த வேகத்தில் வளரவில்லை. ஒவ்வொரு நெறியாளருக்காகவும் காத்திருப்போர் அதிகம். திருமணம், வீடு, வயது என்று பெண்களுக்குக் கெடு வைக்கும் ஊரில், வீணாகும் பதினான்கு மாதங்களின் கனம் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றல்ல. நெறியாளர் மாறிய அந்த ஆண்டில் "இன்னும் முடியவில்லையா?" என்று கேட்காத உறவினர் இல்லை.

தங்கையும் நானும் இரண்டு பல்கலைக்கழகங்களின் கோப்புகளையும் திறந்து, தாளில் கட்டம் போட்டோம். மேலே இருந்ததில் அவள் விரும்பிய நெறியாளருக்கு வயது 56 என்று இருந்தது, அதுவும் பழைய கோப்பில். கீழே இருந்ததில் அந்தத் துறைக்கு நான்கு நிரந்தர உதவிப் பேராசிரியர்கள் அண்மையில் சேர்ந்திருக்கிறார்கள். திட்டங்கள் சிறியவை, ஆனால் ஆண்டுதோறும் வருகின்றன. அவளுக்கு இன்னும் மனம் முழுதாகத் திரும்பவில்லை. வீட்டில் பெரிய பெயரைத்தான் விரும்புகிறார்கள். அடுத்த புதன்கிழமை இரண்டாவது பல்கலைக்கழகத்துக்கு நேரில் போகிறாள். ஆய்வு மாணவர்கள் இரண்டு பேரிடமாவது தனியாகப் பேசச் சொல்லியிருக்கிறேன். ஆய்வகத்தில் லாக் புக்கைத் திறந்து, கடைசிக் கையெழுத்தின் தேதியைப் பார்த்துவிட்டு என்னை அழைப்பாள்.