அம்மம்மாவின் பேணியும் பிரிஸ்டல் கடனும்

மட்டக்களப்பில் நான் சிறுபிள்ளையாக இருந்தபோது, வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அம்மம்மா ஒரு பழைய பால்மாப் பேணியைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்படுவார். கல்லடியில் பதினொரு, பன்னிரண்டு வீடுகள். அவர் மெதடிஸ்த சபையில் ஒரு வகுப்புக்கு, அதாவது சில வீடுகள் சேர்ந்த சிறு குழுவுக்கு, தலைவி. ஒவ்வொரு வீட்டிலும் பாயில் இருந்து சுகம் விசாரிப்பார், ஒரு சங்கீதம் வாசிப்பார், ஜெபிப்பார், அப்புறம் பேணியை முன்னால் வைப்பார். முடிந்தவர்கள் முடிந்ததைப் போடுவார்கள். கடலுக்குப் போன கணவன் திரும்பி வராத ஒரு பெண்ணின் வீடும் அதில் இருந்தது. அங்கே மட்டும் பேணி வெளியே வராது. படலையைத் தாண்டியதும் அம்மம்மா சேலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து, தன் காசில் ஒன்றை எடுத்து அதற்குள் போடுவார். கொப்பியில் அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே சரி போடச் சொல்லி என்னிடம் பென்சிலைத் தருவார்.

இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று நான் அவரிடம் ஒருநாளும் கேட்கவில்லை. அவர் போய்ப் பல வருடங்களுக்குப் பிறகு, போன மே மாதம், இங்கிலாந்தில் அதற்குப் பதில் கிடைத்தது.

லண்டனில் மகள் போகும் ஆலயத்தில், மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி சகோதரர்கள் ஜோனும் சாள்ஸும் வாழ்ந்த இடங்களைப் பார்க்க நான்கு நாள் பயணம் ஒன்று ஒழுங்கு செய்திருந்தார்கள். இளைப்பாறிய போதகர் ஒருவர் தலைமை. கானா, ஜமேக்கா, பிஜி, இங்கிலாந்து என்று பல இடத்து ஆட்கள் ஒரே பஸ்ஸில். தமிழர் என்று என்னைத் தவிர யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவரும் அவருடைய மனைவியும். கடைசி நாள் மே 24ஆம் தேதியாக வரும்படி திட்டம் போட்டிருந்தார்கள். மெதடிஸ்தர்களுக்கு அது என்ன நாள் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் நாள் எப்வர்த். லிங்கன்ஷயரில், சமதரையான வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். மே மாதமென்றபடியால் வழியெல்லாம் வயல்கள் மஞ்சள் பூத்துக் கிடந்தன. ஜோன் வெஸ்லியின் தகப்பனார் சாமுவேல் வெஸ்லி இங்கே குருவானவராக இருந்தார். 1709 பெப்ரவரி 9ஆம் தேதி நள்ளிரவை அண்டிய நேரத்தில் குருமனை தீப்பற்றியது. எல்லாரும் வெளியே ஓடிவந்த பிறகுதான் ஐந்து வயது ஜோன் மாடியில் அகப்பட்டிருப்பது தெரிந்தது. ஏணி எடுக்க நேரமில்லை. ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்று ஜன்னலால் பிள்ளையைத் தூக்கி எடுக்க, அந்த நேரம் கூரை உள்ளே விழுந்தது. வீடும் புத்தகங்களும் எரிந்துகொண்டிருக்க, தகப்பனார் அயலவர்களை அழைத்து முழந்தாளிட வைத்தாராம். தேவன் என் எட்டுப் பிள்ளைகளையும் தந்துவிட்டார், வீடு போகட்டும், நான் போதிய அளவு செல்வந்தன் என்றாராம். தாய் சுசன்னா இந்த மகனைப் பற்றித் தனியாகவே நினைக்கத் தொடங்கியது அந்த இரவுக்குப் பிறகுதான். “இவன் அக்கினியினின்று தப்புவிக்கப்பட்ட கொள்ளி அல்லவா” என்ற சகரியாவின் வசனத்தை ஜோன் கடைசிவரை தன்னைப் பற்றியே சொல்லிக்கொண்டார்.

அந்த நெருப்புக்குப் பிறகு செங்கல்லால் திரும்பக் கட்டிய வீடுதான் இப்போது நிற்கிறது. அதில் நான் அதிக நேரம் நின்றது குசினியில். சுசன்னா 19 பிள்ளைகளைப் பெற்றவர். கிட்டத்தட்டப் பாதிப்பேரைக் குழந்தையிலேயே புதைத்தவர். கணவர் கடனுக்காகச் சிறையில் கிடந்த நாட்களும் அவருக்கு உண்டு. இத்தனைக்குள்ளும், மிஞ்சிய ஒவ்வொரு பிள்ளையோடும் தனியாக இருந்து ஆத்தும காரியங்கள் கதைக்க வாரத்தில் ஒரு நேரம் ஒதுக்கியிருந்தார். ஜோனுக்கு வியாழக்கிழமை, சாள்ஸுக்குச் சனிக்கிழமை. 1712 வாக்கில் கணவர் லண்டனில் நின்ற காலம், ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளையும் வேலைக்காரரையும் குசினியில் இருத்தி ஒரு பிரசங்கத்தை வாசித்து ஜெபித்தார். அயலவர் ஒருவர், இருவராக வந்து சேர்ந்து, கடைசியில் ஏறக்குறைய 200 பேர் ஆகிவிட்டார்கள். உதவிக் குருவானவருக்குப் பொறுக்கவில்லை, கடிதம் பறந்தது. நிறுத்தலாமே என்று கணவர் எழுதினார். நிறுத்து என்று தெளிவாகக் கட்டளையிடுங்கள், அப்போதுதான் நியாயத்தீர்ப்பு நாளில் இந்த ஆத்துமாக்களுக்காக நான் கணக்குக் கொடுக்க வேண்டியிராது என்று சுசன்னா பதில் எழுதினார். கட்டளை வரவில்லை, கூட்டம் தொடர்ந்தது.

“அக்கா, இந்தச் சின்ன இடத்துக்குள்ள இருநூறு பேர் எப்படி இருந்திருப்பினம்?” என்று யாழ்ப்பாணத்து அண்ணாவின் மனைவி கேட்டார். வாசலில், தாழ்வாரத்தில், முற்றத்தில் நின்றிருப்பார்கள் என்றேன். எங்கள் வீட்டு ஜெபக்கூட்டங்கள் அப்படித்தானே.

பின்னேரம் புனித அந்திரேயா ஆலய முற்றத்துக்குப் போனோம். சாமுவேலின் கல்லறை அங்கே மேசை போன்ற ஒரு கல். 1742 ஜூனில் ஜோன் சொந்த ஊருக்கு வந்து, ஆராதனையில் உதவட்டுமா என்று கேட்டபோது மறுத்துவிட்டார்கள். தகப்பனார் 39 வருடம் நின்ற பிரசங்க பீடம் அது. அன்று மாலை ஆறு மணிக்கு ஜோன் தகப்பனாரின் கல்லறைமேல் ஏறி நின்று பிரசங்கித்தார். வசனம், “தேவனுடைய ராஜ்யம் புசிப்பும் குடிப்புமல்ல.” அந்த வாரம் முழுக்க மாலைகளில் ஊர் அங்கே கூடியது. தகப்பனின் பீடத்தில் மூன்று வருடம் பிரசங்கித்துச் செய்ததைவிட, தகப்பனின் கல்லறையில் மூன்று நாள் பிரசங்கித்துச் செய்த நன்மை அதிகம் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார். எங்கள் போதகர் அந்தக் கல்லருகே நின்று அதே வசனத்தை வாசித்தார். கல்லில் பாசி படிந்திருந்தது. நான் கையை வைத்துப் பார்த்தேன், வெயிலில் இளஞ்சூடாக இருந்தது.

இரண்டாம் நாள் பெரும்பாலும் பஸ்ஸில் போனது. ஒக்ஸ்போர்ட்டில் இரண்டு மணித்தியாலம் நின்றோம். ஜோன் படித்த கிறைஸ்ட் சேர்ச், 1726இல் அவரை ஆசிரிய உறுப்பினராகத் தெரிவுசெய்த லிங்கன் கல்லூரி. ஒழுங்கு முறைப்படி ஜெபிக்கிறார்கள், உபவாசிக்கிறார்கள், சிறைச்சாலைக்குப் போகிறார்கள் என்று மற்ற மாணவர்கள் பரிகாசமாக வைத்த பெயர்தான் மெதடிஸ்த். அந்தப் பெயரை நாங்கள் இன்று பெருமையோடு சபைப் பலகையில் எழுதுகிறோம்.

மூன்றாம் நாள் பிரிஸ்டல். 1739இல் ஜோனின் நண்பரான ஜோர்ஜ் விட்ஃபீல்ட் இங்கே கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்குத் திறந்த வெளியில் பிரசங்கித்தார். கரி படிந்த கன்னங்களில் கண்ணீர் வெள்ளைக் கோடாக இறங்கியதை அவர் எழுதி வைத்திருக்கிறார். ஜோனுக்கோ அது முதலில் மனதுக்கு ஒவ்வவில்லை. ஆலயத்துக்கு வெளியே ஆத்தும இரட்சிப்பு நடந்தால் அது பாவத்துக்குச் சமம் என்று எண்ணும் அளவுக்கு ஒழுங்கு பார்த்த மனிதர். ஏப்ரல் 2ஆம் தேதி, திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு, அந்தக் கூச்சத்தை விட்டு வெளியில் நின்றார். ஏறக்குறைய 3000 பேர். “தரித்திரருக்குச் சுவிசேஷத்தைப் பிரசங்கிக்கும்படி என்னை அபிஷேகம்பண்ணினார்” என்பது அன்றைய வசனம்.

அதே வருடம் கட்டியதுதான் நியூ ரூம், உலகிலேயே மிகப் பழைய மெதடிஸ்தக் கட்டடம். நகரத்துக் கடைத்தெருக்களின் நடுவே இருக்கிறது. முற்றத்தில் குதிரைமேல் ஜோன், மறுபக்கத்தில் கைநீட்டிப் பாடும் பாவனையில் சாள்ஸ். அந்தக் குதிரையின் தலை தாழ்ந்திருக்கிறது. இரண்டரை லட்சம் மைல் பயணம் என்று சொல்கிறார்களே, அதன் களைப்பை அந்தத் தலையில் பார்த்தேன். உள்ளே இரண்டடுக்குப் பிரசங்க பீடம், வெள்ளைத் தூண்கள், வெறும் மரவாங்குகள். வெளிச்சம் மேலே எண்கோணக் கண்ணாடிக் கூண்டால் இறங்குகிறது. கல்லெறியும் கலகமும் இருந்த காலம், அதனால் கீழே ஜன்னல் வைக்கவில்லை. மாடியில் பிரசங்கிமார் தங்கிய அறைகள். அவற்றின் நடுவே நின்று அந்தக் கூண்டு வழியாகக் கீழே ஆராதனையைப் பார்க்கலாம். அடிமை வியாபாரத்தில் கொழுத்த துறைமுகம் பிரிஸ்டல். அங்கேயே 1788இல் ஜோன் அடிமைத்தனத்துக்கு எதிராகப் பிரசங்கித்தார். சாவதற்கு ஆறு நாள் முன்பு அவர் எழுதிய கடிதமும் அதைப் பற்றித்தான். அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்ஃபோர்ஸுக்குத் தைரியம் சொல்லி எழுதியது. ஜமேக்காவில் இருந்து வந்த அம்மா இதைக் கேட்டபோது வாங்கில் அமர்ந்து வெகுநேரம் எழும்பவில்லை. நாங்களும் அவருக்குப் பக்கத்தில் பேசாமல் இருந்தோம்.

அப்புறம் போதகர் இந்தக் கட்டடத்தின் கடனைப் பற்றிச் சொன்னார்.

நியூ ரூம் கட்டிய கடன் தீரவில்லை. 1742 பெப்ரவரி 15ஆம் தேதி அதை எப்படி அடைப்பது என்று இங்கே கூடிக் கதைத்தார்கள். ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுத்தால் தீர்ந்துவிடும் என்றார் கப்டன் ஃபோய் என்ற ஒருவர். பலர் ஏழைகள், அவர்களால் முடியாதே என்று மறுப்பு வந்தது. மிகவும் ஏழைகளான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், வாராவாரம் நான் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன், தந்தால் நல்லது, தர முடியாதவர்களுக்காக என் காசோடு சேர்த்து நானே போடுகிறேன் என்றார் அவர். மற்றவர்களும் அப்படியே பதினொரு பேரைப் பொறுப்பெடுத்தார்கள். காசுக்கென்று வீடு வீடாகப் போனவர்கள், அந்தந்த வீட்டுச் சண்டையை, நோயை, குடியை, பசியைக் கண்ணால் கண்டார்கள். வந்து ஜோனிடம் சொன்னார்கள். இதுவல்லவா நமக்கு இத்தனை நாளும் தேவைப்பட்டது என்று அவருக்கு உறைத்தது. வகுப்புக் கூட்டம் என்பது அப்படிப் பிறந்தது.

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. முடிச்சை அவிழ்க்கும் அம்மம்மாவின் விரல்கள் கண்முன் வந்தன. கப்டன் ஃபோய் என்ற பெயரை அவர் கேள்விப்பட்டே இருக்கமாட்டார். அவருக்கு முன்னிருந்த தலைவி செய்ததைப் பார்த்துச் செய்திருப்பார், அந்தத் தலைவி அவருக்கு முந்தியவரைப் பார்த்து.

அந்தச் சங்கிலியின் இடைக் கண்ணியும் எனக்குத் தெரியும், மட்டக்களப்பு மெதடிஸ்தப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். ஜோனோடு ஊழியம் செய்த தோமஸ் கோக், 66 வயதில் ஆறு இளம் மிஷனரிமாரைத் திரட்டிக்கொண்டு இலங்கைக்குக் கப்பலேறினார். 1814 மே 3ஆம் தேதி நடுக்கடலில் இறந்தார், கடலிலேயே அடக்கம். தலைவர் இல்லாமலே மற்றவர்களில் ஐந்து பேர் ஜூன் 29ஆம் தேதி இலங்கையில் கரையிறங்கினார்கள். லிஞ்ச், ஸ்குவான்ஸ் இருவரும் யாழ்ப்பாணத்துக்குப் போனார்கள். வில்லியம் ஓல்ட் தனியாக மட்டக்களப்புக்கு வந்தார். வரும் வழியில் கடலில் மனைவியைப் பறிகொடுத்தவர் அவர். எட்டு மாதம் ஊழியம் செய்து, பள்ளிக்கூடம் தொடங்கி, எங்கள் மண்ணிலேயே கண்ணை மூடினார். மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றும் நிற்கிறது. இதை நானும் யாழ்ப்பாணத்து அண்ணாவும் மாறி மாறிச் சொல்ல, பஸ்ஸில் எல்லாரும் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள்.

மே 24 லண்டனில் விடிந்தது. 1738இல் இதே நாள் பிற்பகல், ஜோன் புனித பவுல் பேராலயத்தில் “ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்” என்ற சங்கீதத்தைப் பாடக் கேட்டார். அன்றிரவு மனமில்லாமலே ஓல்டர்ஸ்கேட் தெருவில் ஒரு கூட்டத்துக்குப் போனார். ரோமர் நிருபத்துக்கு லூதர் எழுதிய முகவுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். ஒன்பதுக்குக் கால் மணி இருக்கையில் தன் இருதயம் விசித்திரமாக அனல்கொண்டதாக ஜோன் எழுதினார். நாங்கள் அந்தத் தெருவில் நடந்தோம், இப்போது அது அலுவலகக் கட்டடங்களும் அவசரமாக நடக்கும் ஆட்களுமான இடம்.

சிட்டி ரோட்டில் 1778இல் திறந்த வெஸ்லி ஆலயமும் பக்கத்தில் அவர் கடைசிக் காலம் இருந்த வீடும். படுக்கையறையை ஒட்டி ஒரு சின்ன ஜெப அறை. ஒரு மேசை, வேதாகமம், முழந்தாளிட ஒரு சிறு பலகை, ஒரு ஜன்னல். இரண்டு பேர் நின்றால் நிறைந்துவிடும். ஆளுக்கு ஒரு நிமிடம் கிடைத்தது. என்ன ஜெபிப்பது என்று தெரியாமல் கல்லடியின் அந்தப் பன்னிரண்டு வீடுகளின் பெயர்களைச் சொன்னேன். எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. 1791 மார்ச் 2ஆம் தேதி 87 வயதில் ஜோன் இந்த வீட்டில் இறந்தார். தன் உடலைச் சுமக்கும் ஆறு ஏழை மனிதருக்கு ஆறு பவுண் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். ஆலயத்தின் பின்புறம் அவர் கல்லறை இருக்கிறது.

தெருவைக் கடந்தால் பன்ஹில் ஃபீல்ட்ஸ் கல்லறைத் தோட்டம். சுசன்னா இங்கே அடக்கமானார், அதுவும் 1742தான். பெப்ரவரியில் வகுப்பு, ஜூனில் தகப்பன் கல்லறை, ஜூலையில் தாயின் சாவு. ஜோனுக்கு அந்த ஒரு வருடம் எப்படி இருந்திருக்கும்! பிள்ளைகளே, என் உயிர் பிரிந்தவுடன் தேவனைத் துதித்து ஒரு சங்கீதம் பாடுங்கள் என்பது அந்தத் தாயின் கடைசி விருப்பம். கட்டிலைச் சுற்றி நின்று அப்படியே பாடினார்கள். அவரவர் மொழியில் ஒரு சங்கீதம் சொல்லுவோம் என்றார் எங்கள் போதகர். நாங்கள் மூவரும் தமிழில் 103ஆம் சங்கீதம் சொன்னோம். “என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி” என்று தொடங்கும்போது குரல் நடுங்கியது, மூன்றாம் வசனத்தில் சரியாகிவிட்டது.

அன்றிரவு மகள் வீட்டுக்கு வந்து மட்டக்களப்பில் தம்பிக்கு போன் எடுத்தேன். அங்கே நடுச்சாமம் தாண்டியிருந்தது. அம்மம்மாவின் பேணி இருக்கிறதா என்று கேட்டேன். “அது எப்பவோ துருப்பிடிச்சுப் போச்சக்கா, கொப்பி இருக்கு, அலுமாரிக்குள்ள” என்றான். விடிய எழும்பி வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தான். பழுப்பேறிய தாள், அம்மம்மாவின் சரிந்த எழுத்தில் பெயர்கள். அந்தப் பெண்ணின் பெயருக்கு நேரே, வாரம் தப்பாமல், கோணல் மாணலாக நான் போட்ட பென்சில் சரிகள்.