இரண்டாவது முறையில் தேறினேன்: மொபைல் டெஸ்ட் ஐடியா சுற்றுக்குப் போகிறவர்களுக்கு

மொபைல் ஆப்களைச் சோதிக்கும் டெஸ்டர் தேர்வின் ரிசல்ட் நேற்றுதான் வந்தது. அப்பாடா! சுற்று எப்படி நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும்: போன் தருவார்கள், ஆப் தருவார்கள், அதை எப்படியெல்லாம் சோதிக்கலாம் என்று ஐடியா எழுதச் சொல்வார்கள், பிறகு உட்காரவைத்துக் குடைவார்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் முறை 64 ஐடியா எழுதினேன். எதிரே இருந்தவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இதில் எதையெல்லாம் கம்ப்யூட்டர் பிரவுசரில் செய்ய முடியாது?" என்றார். எண்ணினோம். ஐந்து. மீதியெல்லாம் பாஸ்வேர்டைக் காலியாக விடு, தப்பாகப் போடு ரகம். ஒரு வாரம் அவர்மேல் கோபம். கேள்வி நியாயம்தான் என்று ஒப்புக்கொள்ள இன்னொரு வாரம்.

இரண்டாம் முறை ஒரே ஒரு பழக்கத்தோடு போனேன்: எந்தத் திரையானாலும் வேலையைப் பாதியில் விட்டு வெளியே போ, திரும்பி வா.

பின்னணிக்குப் போன ஆப்பை, மெமரி பற்றாவிட்டால் ஆண்ட்ராய்டு சத்தமில்லாமல் கொன்றுவிடும். திரும்பி வருபவருக்கு விட்ட இடத்தை அப்படியே காட்டுவது ஆப்பின் பாடு. ரீசன்ட்ஸில் (அண்மையில் திறந்த ஆப்களின் பட்டியல்) மேலே தள்ளி மூடுவது இதற்கு ஈடாகாது. சேமித்த நிலையும் சேர்ந்து போய், ஆப் புதிதாகத் தொடங்கிவிடும். இந்த வித்தியாசத்தை நிச்சயம் கேட்பார்கள். போன் செட்டிங்ஸில் மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷனில் 'டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்' ஆன் செய்தால், விட்டு வெளியேறும் திரையை போன் உடனே அழித்துவிடும்; பாதி வேலை முடிந்தது. நிஜமாகவே கொல்ல வேண்டுமானால் ஹோம் அழுத்திவிட்டு, கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை தரும் ஏடிபியில் 'ஆம் கில்' (am kill).

எனக்கு வந்தது புகார் பதிவு ஆப். அந்த ஆப்ஷனை ஆன் செய்துவிட்டு பெயர், சம்பவத் தேதி, விவரம் எல்லாம் நிரப்பி போட்டோ பட்டனைத் தட்டினேன். கேமரா திறந்தது, படம் எடுத்தேன், டிக் போட்டேன். திரும்பினால் பெயர் இருக்கிறது, படம் இருக்கிறது, விவரம் காலி. தேதி மட்டும் இன்றைய தேதியாக மாறி நிற்கிறது! விவரம் காலியானது யார் கண்ணிலும் படும். தேதி மாறியது படாது, தப்பாகவே பதிவாகிவிடும். அதனால் தேதியைத்தான் பட்டியலில் முதலில் வைத்தேன். குடைச்சலில் பாதி நேரம் இந்த ஒன்றிலேயே ஓடியது, எனக்குச் சாதகமாக.

எதையெல்லாம் சோதிப்பது என்று நினைவூட்ட, டெஸ்டிங் நிபுணர் ஜேம்ஸ் பாக்கின் எஸ்எஃப்டிபாட் (SFDPOT) மாதிரி தலைப்பெழுத்துப் பட்டியல்களைப் பலர் சொல்வார்கள். பொறுமைசாலிகளுக்கு நல்லது. எனக்கு மனப்பாடம் ஒத்துவராது; அதன் ஆறு தலைப்புகளில் 'நேரம்' ஒன்றுதான் மண்டையில் தங்கியது.

வெளியே போய் வருவது தவிர நான் எழுதியவற்றில் எடுபட்டவை:

- அனுமதி: 'இந்த முறை மட்டும்' (ஆண்ட்ராய்டு 11, 2020), தோராயமான இடம் மட்டும் (12, 2021). கொடுத்த அனுமதியை செட்டிங்ஸில் போய்ப் பிடுங்கினால் ஆப் கொல்லப்படும். மறுபடியும் நம்ம கதைதான்.
- நெட்: ஏர்பிளேன் மோடை எல்லாரும் எழுதுவார்கள். சப்மிட் தட்டிய நொடியில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்குத் தள்ளுங்கள். ஒரே புகார் இரண்டாகப் பதிவாகிறதா?
- எழுத்து: பெயரில் 'ஸ்ரீ' போடுங்கள். நம் கண்ணுக்கு ஒன்று, யூனிகோடில் 4 குறிகள். 20 எழுத்து வரம்பு எதை எண்ணுகிறது?
- போனின் எழுத்தளவை (ஃபான்ட் சைஸ்) உச்சத்துக்கு ஏற்றுங்கள். சப்மிட் பட்டன் திரையில் இருக்கிறதா?
- நேர மண்டலத்தை மாற்றிவிட்டு, பழைய பதிவைத் திறங்கள்.

எண்ணிக்கை முக்கியமில்லை. இந்த முறை 31தான் எழுதினேன்.

அப்புறம், அவர்கள் தரும் போனில் டெவலப்பர் ஆப்ஷன் பூட்டியே இருக்கும். பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் திறக்கும், ஆனால் கேட்டுவிட்டுத் தட்டுங்கள். முதல் முறை கேட்கலாம் என்றே எனக்குத் தோன்றவில்லை. இந்த முறை கேட்டேன். "தாராளமா" என்றார், அதே ஆள்.