பாய்ப்படகுக்கு லிதியம் பற்றரி: மின்னேற்றும் வழியே முதல் வேலை

2022ஆம் ஆண்டின் மின்வெட்டுகளுக்குப் பிறகு லிதியம் பற்றரி கொழும்பில் பலருக்குப் பழகிய பொருளாகிவிட்டது. வீட்டில் இன்வேர்ட்டரோடு அதைப் பொருத்தியவர்கள், படகிலும் பழைய பற்றரியைக் கழற்றிவிட்டு இதை வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். பொல்கொட வாவியில் நிற்கும் எனது சிறிய பாய்ப்படகின் மின் இணைப்புகளை மாற்றியமைத்தபோது, பற்றரியைத் தெரிவுசெய்வதைவிட அதற்கு மின்னேற்றும் வழியை ஒழுங்குபடுத்துவதே பெரிய வேலையாக இருந்தது.

படகுகளுக்கு ஏற்றது லிதியம் இரும்பு பொஸ்பேற்று வகை. 3.2 வோல்ட் கலங்கள் நான்கைத் தொடராக இணைத்தால் 12.8 வோல்ட் கிடைக்கிறது. ஈய அமில பற்றரியைப் பாதிக்குமேல் வெறுமையாக்கினால் அதன் ஆயுள் குறையும். இதிலோ எண்பது விழுக்காட்டைத் தயங்காமல் பயன்படுத்தலாம், எடையும் பாதிக்குக் குறைவு. விளக்குகள், விஎச்எஃப் வானொலி, ஆழமானி, சிறிய குளிர்சாதனப் பெட்டி ஆகியவற்றுக்கு 100 அம்பியர் மணி போதுமானது. நம் வெப்பத்தில் அந்தப் பெட்டிதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதலாக மின்சாரத்தைக் குடிக்கும்.

சிக்கல், படகின் டீசல் இயந்திரம் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஓல்டர்னேற்றரில் தொடங்குகிறது. ஈய அமில பற்றரி நிறைய நிறைய, தான் ஏற்கும் மின்னோட்டத்தைத் தானே குறைத்துக்கொள்வதால் ஓல்டர்னேற்றருக்கு ஓய்வு கிடைக்கிறது. லிதியம் பற்றரியோ ஏறத்தாழ நிறையும்வரை கொடுப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டேயிருக்கும். இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது ஓல்டர்னேற்றரின் விசிறியும் மெதுவாகவே சுழல்வதால், சுருள்கள் கருகும் அளவுக்குச் சூடேறக்கூடும். இதைவிட மோசமானது இன்னொன்று: கலமொன்றின் வோல்ட்டளவு எல்லை மீறினால், பற்றரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று இணைப்பை ஒரே கணத்தில் துண்டித்துவிடும். அப்போது போக்கிடமில்லாத ஓல்டர்னேற்றரின் வோல்ட்டளவு திடீரென எகிறி, அதன் டயோட்டுகளையும் சில வேளைகளில் வானொலி முதலிய கருவிகளையும் எரித்துவிடக்கூடும். சுவரில் தொங்கும் வீட்டுப் பற்றரிக்கு இந்த ஆபத்து இல்லை என்பதால், வீட்டு வேலை மட்டுமே செய்து பழகிய மின்வினைஞர் இதைப் பற்றிப் பேசவே மாட்டார்.

ஆகவே ஓல்டர்னேற்றரை லிதியத்தோடு நேரடியாக இணைக்காமல், இயந்திரத்தைக் கிளப்பும் ஈய அமில பற்றரியோடு மட்டும் இணைத்து, அதிலிருந்து, ஒரு பற்றரியின் மின்சாரத்தைக் கொண்டு இன்னொன்றுக்கு மின்னேற்றும் டிசி-டிசி சார்ஜர் வழியாக லிதியத்துக்கு மின்னேற்றுவதே சரியான ஏற்பாடு என்பது எனது முடிவு. லிதியம் துண்டிக்கப்பட்டாலும் ஓல்டர்னேற்றரோடு ஒரு பற்றரி எப்போதும் இணைந்திருக்கும். செல்லும் மின்னோட்டத்தையும் சார்ஜர் கட்டுப்படுத்தும். ஓல்டர்னேற்றர் தரக்கூடிய உச்ச மின்னோட்டத்தில் பாதியைத் தாண்டாத சார்ஜரை வாங்குவது நல்லது.

பியூஸில் மிச்சம் பிடிக்க வேண்டாம். குறுக்குச் சுற்று ஏற்பட்டால் லிதியம் பல ஆயிரம் அம்பியரை வெளிவிடும்; பஞ்சிகாவத்தையில் வாங்கும் சாதாரண வாகனப் பியூஸ் உருகினாலும் அதன் இடைவெளியில் மின்பொறி தொடர்ந்து பாயலாம். 20,000 அம்பியரைத் துண்டிக்கவல்ல ‘கிளாஸ் ரி’ பியூஸைப் பற்றரியின் நேர்முனைக்கு மிக அருகில் பொருத்த வேண்டும். உப்புக்காற்றுக்கு வெள்ளீயம் பூசிய செப்பு வயர்தான் தாக்குப்பிடிக்கும். பற்றரியில் எஞ்சியுள்ள மின்சாரத்தின் அளவை அறிய வோல்ட் மீற்றர் உதவாது, ஏனெனில் எண்பது விழுக்காட்டுக்கும் முப்பது விழுக்காட்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அரை வோல்ட்டுக்கும் குறைவு. உள்ளே போவதையும் வெளியே வருவதையும் கணக்கிடும் ஷண்ட் மீற்றர் தேவை.

குளிர்நாட்டுக்காரர்கள் உறைநிலையில் மின்னேற்றக்கூடாது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நமக்குப் பகை வெப்பமே. 45 பாகை செல்சியசுக்கு மேல் மின்னேற்றுவது பற்றரிக்குக் கெடுதல் என்பதால் இயந்திர அறையைத் தவிர்த்து, காற்றோட்டமுள்ள இருக்கையின் கீழ் அதை வைக்க வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் படகு சும்மா நிற்குமானால், பற்றரியை நிறைத்து வைக்காமல் பாதியளவில் விட்டு, எல்லா இணைப்புகளையும் அணைத்துவிடலாம். அடித்தளத்தில் சேரும் மழைநீரை இறைக்கும் தானியங்கிப் பம்பி மட்டும் விதிவிலக்கு. லிதியத்தின் பாதுகாப்புச் சுற்று எந்நேரமும் துண்டிக்கக்கூடும் என்பதால், அந்தப் பம்பியைத் தனிப் பியூஸோடு ஈய அமில பற்றரியில் இணைத்து, அந்தப் பற்றரிக்கென ஒரு சிறிய சோலர் பனலையும் பொருத்தியிருக்கிறேன்.