பாட்டுக்கு ஒரு மீட்டர் இடம்: கேசட்டா, சிடியா?

சென்ற ஆண்டு ஆடி முடிந்து வீடு மாறியபோது, கூடத்து அலமாரியில் என் பாட்டுச் சேகரிப்புக்கென ஒதுக்கப்பட்டது ஒரே ஒரு தட்டு. அளந்து பார்த்ததில் அதன் நீளம் சரியாக ஒரு மீட்டர். என்னிடம் இருந்தவையோ 63 கேசட்டுகள், கடையில் வாங்கிய 41 சிடிகள், நானே கணினியில் பதிவு செய்த 22 சிடிகள். "கேசட்டை வைச்சுக்கோங்க, இல்லாட்டி சிடியை வைச்சுக்கோங்க. ரெண்டையும் வைச்சுக்கிட்டு ஹாலைக் கடையாக்க வேண்டாம்" என்று மனைவி தீர்ப்புச் சொல்லிவிட்டார். எதை விடுவது என்பதை எல்லாவற்றையும் ஒருமுறை கேட்டுப் பார்த்தே முடிவு செய்வதெனத் தொடங்கியது, இன்று எட்டாவது மாதத்தில் வந்து நிற்கிறது.

முதல் நாளே ஒரு தவறான எண்ணம் உடைந்தது. கேசட் சிறியது, அதனால் இடம் மிச்சம் என்று நினைத்திருந்தேன். பிளாஸ்டிக் பெட்டியோடு ஒரு கேசட்டின் தடிமன் 1.7 சென்டிமீட்டர், சிடிப் பெட்டியின் தடிமனோ ஒரு சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். முதுகு தெரியும்படி வரிசையாக நிறுத்தினால், ஒரு மீட்டரில் கேசட் 58தான் நிற்கும், சிடி 90க்கு மேல் நிற்கும். என் கேசட்டுகளுக்கு மட்டுமே 107 சென்டிமீட்டர் வேண்டியிருந்தது. இட நெருக்கடியைக் காரணம் காட்டி சிடியைக் கழித்துவிடலாம் என்று உள்ளூர இருந்த ஆசை அத்தோடு போயிற்று.

அடுத்து, கேட்பதற்குக் கருவி வேண்டும். பரணிலிருந்து இறக்கிய பழைய ஜப்பானிய கேசட் டெக்கில் மோட்டார் சுழலும் ஓசை கேட்டது, ஆனால் நாடா நகரவில்லை. மேல் மூடியைக் கழற்றியபோது, மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்க வேண்டிய ரப்பர் பெல்ட், வெயிலில் இளகிய தார் போல உருகி இரண்டின் மீதும் ஒட்டிக் கிடந்தது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை வைத்திருக்கும் வயதான மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, முதல்ல பழைய சட்டையை மாட்டிக்கிட்டுத் தொடைங்க, இந்தக் கறுப்பு துணியில ஒட்டுனா சாகுற வரைக்கும் போகாது" என்றார். அவர் சொல்வதற்கு முந்தைய நாளே என் வெள்ளைச் சட்டை ஒன்று வீணாகியிருந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு அந்தத் தாரைத் துடைக்க ஒரு முழு ஞாயிறு பிடித்தது. பெல்ட்டின் அளவை நூலைச் சுற்றி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் ஒரு டப்பாவில் கைவிட்டு, பார்க்காமலேயே சரியானதை எடுத்தார். நாடாவிலிருந்து ஒலியை வாசிக்கும் ஹெட்டையும், நாடாவை இழுக்கும் எஃகுக் கம்பியையும் அதே ஆல்கஹாலால் சுத்தம் செய்தேன். ரப்பர் உருளைக்கு மட்டும் சோப்புத் தண்ணீர் போதும் என்று அவர் எச்சரித்தார்; ஆல்கஹால் அடிக்கடி பட்டால் ரப்பர் வறண்டு வெடிக்குமாம்.

டெக் ஓடத் தொடங்கியதும் அப்பாவின் கேசட்டுகளிலிருந்து ஆரம்பித்தேன். 63இல் 22 அவருடையவை, பெரும்பாலும் கடையில் பதிவு செய்து வாங்கியவை. எண்பதுகளில் கும்பகோணத்தில் இருந்தபோது, பிடித்த பாடல்களைத் தாளில் பட்டியலாக எழுதி ரெக்கார்டிங் சென்டரில் கொடுத்து, ஒரு வாரம் கழித்துப் போய் வாங்கி வருவார். எம்.எஸ். விஸ்வநாதனும் இளையராஜாவும் சம அளவில் கலந்த பட்டியல்கள். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு பாடல், மிச்சமிருக்கும் இரண்டு நிமிடத்தில் ஏழாவது பாடலின் பல்லவியும் பாதிச் சரணமும். அங்கே நாடா தீர்ந்துவிடும். அந்தப் பாடல்களில் சில அத்தோடு முடிகின்றன என்றே பள்ளிக்கூட வயதுவரை நம்பியிருந்தேன்.

இந்த 22இல் பாதிக்கு மேல், கம்பளியால் போர்த்திய ஒலிபெருக்கியிலிருந்து வருவது போல மந்தமாக ஒலித்தன. நாடா தேய்ந்துவிட்டது என்று முடிவுகட்டி அவற்றைத் தனியே வைத்தும்விட்டேன். மெக்கானிக்தான் ஹெட் அட்ஜஸ்ட்மென்டைப் பார்க்கச் சொன்னார். கேசட் நாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் மட்டுமே நகர்கிறது. அந்த வேகத்தில் 10,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணின் ஓர் அலை நாடாவின் மேல் பிடிக்கும் நீளம் ஐந்து மைக்ரானுக்கும் குறைவு. பதிவு செய்த ஹெட்டும் இப்போது வாசிக்கும் ஹெட்டும் மயிரிழை கோணம் மாறியிருந்தாலும், மிருதங்கத்தின் வலந்தலை நாதமும் ஜால்ராவும் முதலில் காணாமல் போகும். ஹெட்டின் பக்கவாட்டில் வில் மேல் அமர்ந்த சிறு திருகு ஒன்று இருக்கிறது. பாட்டு ஓடும்போதே நகைக்கடைத் திருப்புளியால் அதை மெல்லத் திருப்பினால், ஓரிடத்தில் திரை விலகியது போல ஒலி திறந்துகொள்ளும். எனக்கு அது கால் சுற்று இடப்புறம்.

அந்தக் கால் சுற்று எனக்கு ஒரு குடும்பச் செய்தியையும் சொன்னது. கடையில் பதிவானவற்றில் 1986 வரை தேதியிட்ட எல்லாக் கேசட்டுகளும் ஒரே கோணத்தில் தெளிந்தன. 1987 முதலானவை அனைத்தும் வேறொரு கோணத்தில். கையெழுத்தும் அட்டையும் ஒன்று போலவே இருந்ததால் இதுவரை தெரியவில்லை. அத்தையிடம் தொலைபேசியில் கேட்டபோது, "ஆமாண்டா, அந்த வருஷந்தான் பழைய கடைக்காரரோட சண்டை போட்டுட்டு உங்கப்பா வேற கடைக்குப் போனாரு, அட்டையில இவரே எழுதிக் குடுத்துருவாரு" என்றார். இப்போது திருகின் தலையில் மெல்லிய வெள்ளைக் கோடு போட்டு, இரண்டு கடைகளின் இடத்தையும் அருகிலேயே குறித்து வைத்திருக்கிறேன்.

ஒலித் தரத்தை ஒப்பிடுவதில் இரண்டு வாரத்துக்கு மேல் செலவிடவில்லை. இரைச்சலை வைத்துப் பார்த்தால் போட்டியே இல்லை: சிடியின் 16 பிட் பதிவுக்குக் கோட்பாட்டளவில் இரைச்சலுக்கும் உச்ச ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது, இரும்பு ஆக்சைடு பூசிய சாதாரண ஃபெரிக் நாடாவுக்கு 50, 55ஐத் தாண்டுவதே பெரிது. கர்நாடக இசைக்கு இன்னொரு வசதியும் உண்டு. கேசட்டில் ராகம் தானம் பல்லவி ஒலிக்கும்போது, தானம் சூடுபிடிக்கும் இடத்தில் பக்கம் முடிந்து, எழுந்து போய்த் திருப்பிப் போட வேண்டும். 74 நிமிட சிடியில் தனி ஆவர்த்தனம் உட்பட முழுவதும் ஒரே மூச்சில் கேட்கலாம். ஆனால் சினிமாப் பாட்டில் சிடி எனக்கு ஒரு பாடம் நடத்தியது. ஒரே படத்தின் பாடல்களை எண்பதுகளின் கேசட்டிலும் 2000க்குப் பிறகு வந்த சிடியிலும் மாற்றி மாற்றிப் போட்டேன். சிடியில் வயலின் கூட்டம் எழும் இடமும் அது அடங்கும் இடமும் ஏறக்குறைய ஒரே உரப்பில் இருந்தன. இரைச்சலை வடிகட்டுகிறேன் என்று புல்லாங்குழலின் மூச்சையும் சேர்த்து வடித்திருந்தார்கள். கேசட்டில் இரைச்சல் உண்டு, மூச்சும் இருந்தது. இது தகட்டின் குறையல்ல, தகட்டுக்குப் போகும் முன் ஒலியைக் கையாண்டவர்களின் குறை. ஆகவே சிடி சிறந்ததா என்ற கேள்வியை விட்டுவிட்டு, எந்த ஆண்டு அச்சிட்ட சிடி என்று பார்க்கப் பழகினேன்.

இதுவரை வந்த எல்லாவற்றையும் புரட்டிப் போட்டவை நானே கணினியில் பதிவு செய்த அந்த 22 சிடிகள், அதாவது பதிவுத் தகடுகள். 2005இல், நாடா நிலைக்காது என்று பயந்து, அப்பாவின் கேசட்டுகள் அனைத்தையும் கணினியில் ஏற்றி, கேசட்டுக்கு ஒன்றாக வெற்று சிடிகளில் பதிவு செய்து, "இனி கவலையில்லை" என்று உறையின் மேல் தேதியும் போட்டு வைத்தேன். இப்போது அவற்றைப் போட்டபோது ஒன்பது தகடுகளை எந்தக் கருவியும் அடையாளமே காணவில்லை. ஐந்து தகடுகளில் முதல் சில பாடல்கள் ஓடி, கடைசிப் பாடல்களில் டக் டக்கென்ற ஓசையோடு நின்றன. சிடி நடுவிலிருந்து வெளிவிளிம்பு நோக்கி வாசிக்கப்படுவதால், கெடுதல் விளிம்பில் தொடங்கினால் முதலில் சாவது கடைசிப் பாட்டுதான். அச்சிட்ட சிடியில் செய்தி குழிகளாகப் பிளாஸ்டிக்கிலேயே வார்க்கப்பட்டிருக்கும். நாம் பதிவு செய்யும் சிடியில் ஒரு சாயப் படலத்தை லேசர் சுட்டுக் கறுக்கவைக்கிறது, அவ்வளவே. அந்தச் சாயம் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் வெளுக்கும். நான் வைத்திருந்ததோ மேற்கு ஜன்னலை ஒட்டிய பீரோவின் தலையில். நிலைக்காது என்று நான் பயந்த மூல நாடாக்கள், கால் சுற்று திருகலோடு 22ம் பாடின.

இதற்குப் பிறகு பதிவுத் தகடுகளைச் சேகரிப்பிலிருந்தே நீக்கிவிட்டேன். கேசட்டுகளை மறுபடியும் கணினியில் ஏற்றி, ஒலித் தரம் குறையாத ஃபிளாக் கோப்புகளாக இரண்டு வெவ்வேறு வன்தட்டுகளில் வைத்திருக்கிறேன்.

அச்சிட்ட 41 சிடிகளையும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளால் சோதித்தேன். 38 ஒரு பிழையும் இல்லாமல் வந்தன. இரண்டில் வாசிக்கும் பக்கத்தில் கீறல். சாதாரண வெள்ளைப் பற்பசையை மெல்லிய துணியில் தொட்டு, வட்டமாக அல்லாமல் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோடாகத் தேய்த்ததில் இரண்டும் பிழைத்தன. மீதமிருந்த ஒன்றின் பளபளக்கும் பக்கம் புதிதுபோல இருந்தது. குழல் விளக்குக்கு எதிரே பிடித்தபோதுதான் குண்டூசி முனை அளவுக்கு ஓர் ஒளிப்புள்ளி தெரிந்தது. படம் அச்சிட்ட மேல்பக்கத்துக்கு மெல்லிய அரக்குப் பூச்சைத் தவிர வேறு பாதுகாப்பில்லை. அதன் அடியிலேயே அலுமினியப் படலம் இருப்பதால், அங்கே விழும் கீறலுக்கு மருந்தே இல்லை. நாம் எல்லோரும் கீழ்ப்பக்கத்தைப் பொன் போலக் காத்து, மேல்பக்கத்தை மேசையில் உரசவிட்டுக்கொண்டிருந்தோம்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் சிடிகள் ஒரு குவியலாகக் கிடைக்கின்றன. முதல் முறை ஆசைப்பட்டு எட்டு வாங்கினேன், மூன்று போலி. அட்டையும் அச்சும் அசல் போலவே இருந்தன. ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் அலைமாலையைப் பார்த்தபோது, 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியது போல ஒன்றுமே இல்லை. எம்பி3 கோப்பை எடுத்து மறுபடி சிடியாக்கி விற்றிருக்கிறார்கள். அதிலிருந்து, உள்வளையத்தில் பொறித்த எண்ணைப் பார்க்காமலும், அடிப்பக்கம் வெள்ளியா, பச்சையோ நீலமோ கலந்த நிறமா என்று வெயிலில் சாய்த்துப் பார்க்காமலும் வாங்குவதில்லை. நிறம் தெரிந்தால் அது பதிவுத் தகடு.

கேசட்டுகளில் எனக்குப் பிடித்துப்போனது அவற்றின் வைத்தியம். ஒரு கேசட்டில் ஒலி விட்டுவிட்டு வந்தது. நாடாவை ஹெட்டின் மீது அழுத்தும் சிறு ஃபெல்ட் துண்டு, பசை காய்ந்து, வில் தகட்டிலிருந்து கழன்று உள்ளே உருண்டுகொண்டிருந்தது. ஐந்து திருகுகளையும் கழற்றி, மேல் பாதியைத் தூக்கும்போது நாடாச் சுருள் சரியாமலிருக்க மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இறந்த ஒரு கேசட்டிலிருந்து ஃபெல்ட்டை வில்லோடு இடுக்கியால் எடுத்து இதில் பொருத்தி, மூடி, நட்ராஜ் பென்சிலைச் சக்கரத்தில் நுழைத்து நாடாவின் தொய்வைச் சுற்றி இறுக்கினேன். இருபது நிமிட வேலை. பூஞ்சை பிடித்தவற்றில் எனக்கு இந்தத் துணிச்சல் இல்லை. கண்ணாடி வழியே பார்த்தால் சுருளின் மேல் மாவு தூவியது போலத் தெரியும். அதை நல்ல டெக்கில் போட்டால் ஹெட் வழியே அடுத்த கேசட்டுக்கும் அந்தப் பூஞ்சை போகும். அத்தகைய நான்கையும் தனி உறையில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு கட்டிவைத்து, உதவாத ஒரு பழைய வாக்மேனில் மட்டும் ஓட்டுகிறேன்.

ஆக, முடிவு வடிவத்தை வைத்து வரவில்லை. கடையில் அச்சாகி வந்த இசைக்கு, நல்ல அச்சு கிடைத்தால், சிடி. வேறெங்கும் கிடைக்காத பதிவுக்குக் கேசட். அப்பாவின் 22இல் ஐந்து, சனிக்கிழமை இரவுகளில் வானொலி ஒலிபரப்பிய தேசிய நிகழ்ச்சிக் கச்சேரிகள். ஒன்றில் ஆலாபனைக்கு நடுவே பாட்டி யாரையோ சாப்பிடக் கூப்பிடும் குரலும் பதிவாகியிருக்கிறது. அப்பாவின் 22ஓடு, சிடியில் மூச்சு வடிக்கப்பட்ட நான்கு படங்களின் கேசட்டுகளையும் வைத்துக்கொண்டேன். 26 கேசட்டுகள் 44 சென்டிமீட்டர், சந்தையில் சேர்ந்தவற்றோடு 52 சிடிகள் 54 சென்டிமீட்டர். தட்டில் இரண்டு சென்டிமீட்டர் மிச்சம். இரண்டில் ஒன்று என்ற தீர்ப்பை மீறியதைப் பார்த்த மனைவி, தட்டுக்கு வெளியே ஒன்றும் துருத்திக்கொண்டில்லை என்பதால் வழக்கை மேலே கொண்டுபோகவில்லை.

ஒரே ஒரு கேசட் மட்டும் இன்னும் மேசை மேல் இருக்கிறது. 1985 என்று தேதியிட்டது. திருகுகள் இல்லாமல் விளிம்பை உருக்கி ஒட்டிய கூடு. உள்ளே நாடா முனை சக்கரத்திலிருந்து கழன்று கிடக்கிறது. கூட்டை பிளேடால் விளிம்பு நெடுகக் கீறிப் பிளந்து, சுருள் இரண்டையும் திருகு வைத்த வேறொரு கூட்டுக்கு மாற்ற வேண்டும். அந்த வகை வெற்றுக் கூடு வரும் வெள்ளிக்கிழமை சந்தையில் கிடைக்கிறதா என்று பார்க்கப் போகிறேன்.