மிளகளவு துளை

இன்று காலை அம்மாவின் தொடை இடுக்கில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிரித்தேன். மிளகளவு ஒரு புள்ளி. அவ்வளவுதான். தையல்கூட இல்லை.

ஆறாத கால் புண்ணுக்கு விரலையே எடுக்க வேண்டியிருக்குமோ என்று பயந்துகிடந்தோம்.

அந்தப் புள்ளி வழியாகத்தான் முதலில் ஊசி, அப்புறம் மெல்லிய கம்பி, அதன் மேல் குழாய், கடைசியில் குட்டி பலூன். எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடியே முழங்காலுக்குக் கீழே ரத்தக் குழாயில் இருந்த அடைப்பை விரித்திருக்கிறார்கள். இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி என்கிறார்கள்.

ரத்தக் குழாய் திரையில் தெரிவதற்காகச் சாய மருந்து செலுத்துகிறார்கள். அம்மா முழு நேரமும் விழித்திருந்தார். "சாய மருந்து போனப்போ காலுக்குள்ள வெந்நீர் ஓடுன மாதிரி இருந்துச்சுடா."

1964-இல் சார்லஸ் டாட்டர் என்ற கதிரியக்க மருத்துவர் இப்படிக் குழாய் நுழைத்து அடைப்பை முதலில் விரித்தது, காலை வெட்ட ஒப்புக்கொள்ளாத 82 வயதுப் பெண்மணிக்கு. அந்தப் பிடிவாதத்தைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

துளை சிறியது என்பதற்காக அலட்சியம் வேண்டாம். சாய மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம், முன்பே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரை, ஒவ்வாமை எதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முடிந்த பிறகு சில மணி நேரம் காலை மடக்காமல் படுக்க வேண்டும். அம்மாவுக்கு அதுதான் பெரும்பாடு.

இப்போது அவர் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். மாதக்கணக்கில் சில்லென்று கிடந்த பாதம்.

கதகதப்பாக இருக்கிறது.